இருட்டில் முப்பது நிமிடம்

ஓட்டிலியா புரோயென்சா என்னை வேலைக்கு எடுத்த அன்று
சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை.
கையை நீட்டச் சொன்னார்.
நகக்கண்ணில் பன்னிரண்டு வருஷத்து நீலம்.
"எந்த ஆலை?"
சொன்னேன்.
"வெள்ளிக்கிழமைகளில் ஓடை சிவப்பாக ஓடியது உன் கைங்கரியமா?"
"சிவப்பு வியாழன், புரொஃபசர். வெள்ளி பச்சை."
அவர் சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்.

குவில்யா மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்.
கம்பளி நனைத்த தண்ணீரெல்லாம் கீழேதான் போகும்.
போகவிட்டவன் நான்.
பிடித்து நிறுத்தி வெளுக்க நினைத்தவர் அவர்.
இனி அவருடைய பிளாஸ்க்குகளைக் கழுவ வேண்டும்.

சாயத் தண்ணீரில் ஒரு சிட்டிகை டைட்டானியப் பொடி,
மேலே வெளிச்சம்.
அது வெளிச்சத்தைத் தின்று சாயத்தை உடைக்கும், அவ்வளவுதான்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
நாலாயிரம் துகள் வரிசையில் நிற்கும் என்றார்.
எண்ணிப் பார்க்க எனக்கு நேரமில்லை.
உலை நானூற்றைம்பது டிகிரியைத் தொடும்போது
யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்;
அந்த யாராவது எப்போதும் நான்தான்.

விளக்குப் போடும் முன் முப்பது நிமிடம் இருட்டு.
பொடியில் ஒட்டுகிற சாயம் ஒட்டிக்கொள்ளட்டும்,
அதற்கப்புறம் குறைவதுதான் வெளிச்சத்தின் கணக்கு.
கருந்திரைக்குள் கலக்கி சுற்றும் சத்தம்.
அந்த இருட்டில் மட்டும் பேசுவார்:
போர்த்தோவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டதை,
நிதிக்குழு மூன்றாம் முறை கைவிரித்ததை,
அவருக்குப் பாடவே வராது என்பதை.
விளக்கு எரிந்ததும்
பத்து நிமிடத்துக்கு ஒரு ஊசி,
ஒரு எண்,
வேறு பேச்சில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் பொடி இளமஞ்சளாக வந்தது.
புற ஊதா வேண்டாம், சாதாரண வெளிச்சமே போதும்,
ஒன்றரை மணி நேரத்தில் நீலம் காணாமல் போனது.
ஒசாகா கூப்பிட்டது. கிராகோவ் கூப்பிட்டது.
செய்தித்தாளில் அவர் படம்;
பக்கத்தில் பிளாஸ்க் பிடித்த ஒரு கை மட்டும் இருக்கும்,
அது என்னுடையது.

அதே வருஷங்களில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன.
திட்ட அறிக்கையின் முதல் வரி
'சாயக்கழிவால் சீரழிந்த ஓடை' என்றே தொடங்கும்.
ஒரு டிசம்பரில் எழுந்து ஜன்னல் வரை போனார்,
வெகுநேரம் பார்த்தார்,
வந்து அந்த வரியை அடித்தார்.
அடியில் கூழாங்கல் தெரிந்தது. மீன் வந்திருந்தது.
தெளியவைத்தது எங்கள் பொடி இல்லை,
வாயில் பூட்டு.
என் அண்ணன் ஜசிந்து பகல் முழுக்கப் பாலத்தில் நின்று
அந்தச் சுத்தமான தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வேறு வேலை இல்லை அவனுக்கு.

பெனெடிட்டா என்றொரு மாணவி, இரண்டாம் வருஷம்,
"நீலம் தானாகவே வெளிச்சம் குடிக்குமே?
நிறமே இல்லாததை வைத்துப் பார்த்தீர்களா?" என்றாள்.
ஃபீனால் ஊற்றினோம்.
தொண்ணூறு நிமிடம் மஞ்சள் பொடி சும்மா சுற்றியது.
மறுபடி. மறுபடி. நான்கு முறை.
சாயம் தன்னைத்தானே அழித்துக்கொண்டிருந்திருக்கிறது இத்தனை நாளும்;
பெயர் மட்டும் பொடிக்கு.
அன்று வெளுத்தது எங்கள் சாயம்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம்தானே, விடுங்கள் என்றார்கள்.
அன்றிரவே இதழுக்கு எழுதினார்,
முக்கால் பக்கம்,
'நான் தவறிவிட்டேன்' என்று ஒருமையில்.
அதற்குப் பிறகும் பழைய கட்டுரையைத்தான்
ஊர் ஊராக மேற்கோள் காட்டுகிறார்கள்.
திருத்தத்தைப் படித்தவர் ஏழு பேர்.
அதில் ஒருவன் நான்,
அகராதியோடு.

கடைசி நாள்.
மருத்துவமனை வடிகாலிலிருந்து ஒரு லிட்டர்,
நிறமில்லை, வாடையும் இல்லை,
உள்ளே மாத்திரைகளின் மிச்சம்.
பழைய வெள்ளைப் பொடி. திரையை இழுத்தேன்.
அன்று இருட்டிலும் அவர் பேசவில்லை.
தாங்க முடியாமல் என் கை சுவிட்சைத் தேடிப்போனது.

"இன்னும் இரண்டு நிமிடம் இருக்கு, ஹெர்மீனியு."